மீனறிஞர் பிரான்ஸிஸ் டே

ஐப்பசி கார்த்திகை மாதங்களில் தென்பெண்ணையாறு புதுவெள்ளங்கொண்டு பெருகுங்கால், எங்கள் குருவிநத்தத்திலும் அதனை அடுத்த பாகூர்ப் பகுதியிலும் வாழ்வோர் ஒரு காட்சியைக் காண்பர். வாய்க்கால்களிலும் ஏரிக் கலிங்குகளிலும் நீர் விழும் இடந்தோறும் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்துத் துள்ளி மேலேற முயலும். அவ்விடத்தே பறியும் வலையும் வைத்தோர் கூடை கூடையாக அள்ளிச் செல்வர். ஏறும் மீன் எதன்பொருட்டு ஏறுகின்றது, அதனை முழுதும் பிடித்துவிட்டால் மறு ஆண்டு என்னாகும் என்று எண்ணுவோர் மிகச் சிலரே. இவ்வினாவை நம் நாட்டு ஆறுகள்தோறும் சென்று எழுப்பிய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டாக்டர் பிரான்ஸிஸ் டே 1829-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 2-ம் தேதி இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ் நாட்டைச் சேர்ந்த மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். ஷ்ரூஸ்பரிப் பள்ளியிற் கல்வி கற்று, பின்னர் லண்டன் ஸெயின்ட் ஜார்ஜ் மருத்துவசாலையில் வைத்தியம் பயின்றார். 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கு உதவி மருத்துவராக வந்தார். 1859-ல் கொச்சியிற் பணியேற்றார். காயல்களும் கடலும் சூழ்ந்த அந்நகரில், நோயாளிகளைப் பார்த்து எஞ்சிய நேரத்தை மீன்களை ஆராய்வதிற் செலவிட்டார். கொச்சியின் பழமையையும் அக்காலத்து நிலையையும் விளக்கி 1863-ல் ஒரு நூலும், மலையாளக் கரையின் மீன்களைப்பற்றி 1865-ல் மற்றொரு நூலும் வெளியிட்டார்.

அவர் பிறந்த நாட்டில் மிகவும் போற்றப்படும் மீன்கள் இரண்டு. ஒன்று ஸால்மன், மற்றொன்று டிரௌட். ஸால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிடும்பொருட்டுத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, சிற்றருவிகளையும் தாவிக் கடந்து மேலேறுவது. டிரௌட் பெரும்பாலும் குளிர்ந்த ஓடைகளிலேயே வாழ்வது. ஸ்காட்லாந்தின் டே, ட்வீடு முதலிய ஆறுகளில் தூண்டிற்காரர் பறவையிறகையும் பட்டு நூலையும் முள்ளிற் கட்டி, ஈயைப்போலத் தோன்றச் செய்து, அதனை நீரின்மேல் மெல்ல வீசி இம்மீன்களைப் பிடிப்பர். ஆயினும் ஆண்டு முழுதும் பிடிப்பாரல்லர். மீன் முட்டையிடும் பருவம் வந்ததும் தூண்டிலை எடுத்து வைத்துவிடல் வேண்டும். 1861-ல் ஏற்பட்ட ஸால்மன் சட்டம் இங்கிலாந்தில் இவ்வொழுக்கத்தைப் பின்னும் வலியுறுத்தியது. பருவமறிந்து பிடிப்பதும் பருவமறிந்து விடுவதும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்ததே அவ்வேட்டம்.

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் மீனைக் குடியேற்ற வேண்டுமென்பது டே அவர்களின் நெடுநாள் விருப்பம். 1863-லும் மீண்டும் 1866-லும் அதற்கு முயன்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. குளிர்ச்சி சிறிது குறையினும் கெட்டுவிடும் முட்டைகளை வெப்பமண்டலம் கடந்து கொணர்வது எளிதன்று. 1864-ல் பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்த முட்டைகள் டாஸ்மேனியாத் தீவை உயிரோடு அடைந்தன. நீலகிரிக்கோ அந்நற்பேறு அப்பொழுது வாய்க்கவில்லை. அம்மலையில் டிரௌட் நிலைபெற்றது 1906-ம் ஆண்டிற்குப் பின்னர், வில்ஸன் என்பாரின் முயற்சியால் அவலாஞ்சியிற் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்த பிறகே. அதனைக் காண டே உயிரோடிருந்தாரல்லர்.

தோல்வியுற்றவர் மனஞ்சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. அயல் மீனைக் கொணர முயன்ற அவர், நம் மீன்களின் நிலையை ஆராயும் பெரும்பணியை மேற்கொள்ளலானார். அதற்கு வழிதிறந்தவர் ஸர் ஆர்தர் காட்டன் என்பது வியப்பிற்குரியது. 1836-ல் கொள்ளிடத்தின் அணைகளைக் கட்டி முடித்துத் தஞ்சையின் வயல்களை வாழ்வித்தவர் அவரே. தாம் கட்டுவித்தவை போன்ற அணைகள் முட்டையிட ஏறும் மீன்களின் வழியை அடைக்கின்றனவோ என்னும் ஐயத்தை 1867-ல் அவரே அரசாங்கத்தாருக்கு எழுப்பினார். தம் பெருஞ்செயலின் குறையைத் தாமே சுட்டிய அப்பெருந்தகைமை நாம் மறக்கற்பாலதன்று. உண்மை காணும் பணி டே அவர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது.

கொள்ளிடத்தில் அவர் கருதிப்பார்த்த மீன், வங்காளத்தார் இலீஷ் என்று கொண்டாடும் உல்லம் ஆகும். இதுவும் ஸால்மனைப்போலவே கடலில் வாழ்ந்து, வெள்ளக்காலத்தில் ஆற்றிலேறி முட்டையிடுவது. ஸால்மன் தாவுமளவு உயரம் தாவ இயலாத உல்லம், கீழணையின் அடியில் தடையுண்டு திரளும். திரண்ட இடத்திலேயே வலைக்கு இரையாகும். ஆதலின், அணைகளில் மீன் ஏறிச் செல்லும் வழி வைத்தல் வேண்டுமென்று அவர் அறிவுறுத்தினார்.

1871-ல் இந்திய மீன்வளத் தலைமைக் கண்காணிப்பாளராக உயர்ந்து, வங்காளம், பஞ்சாபு, ஸிந்து, பர்மா முதலிய நாடுகளிலும் ஆராய்ந்தார். 1873-ல் அவர் வெளியிட்ட அறிக்கை, சிறுகண் வலைகளாலும் வாய்க்கால் வாயிற் பதிக்கும் பொறிகளாலும் நஞ்சிடுவதாலும் மீன்குஞ்சுகள் அளவிறந்து அழிவதை எடுத்துக்காட்டியது. அன்றன்று பிடித்து உண்ணும் ஏழைக்குச் சட்டம் சுமையாகுமே என்று தயங்கினோரும் உண்டு. அத்தயக்கம் இரக்கத்திற் பிறந்ததே. ஆயினும் குஞ்சு அழிந்த ஆற்றில் நாளை வெறுங்கையோடு திரும்புபவனும் அவ்வேழையே யன்றோ?

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய இந்திய மீன்கள் என்னும் பெருநூல், இன்றும் மீனியல் அறிஞர் எடுத்துப் பார்க்கும் நூலாக விளங்குகின்றது. 1877-ல் பணியினின்றும் நீங்கிச் செல்டென்ஹாம் நகரிற் குடியேறினார். ஸ்காட்லாந்தில் ஹௌயீட்டன் மீன்பண்ணையில் ஸால்மன், டிரௌட் இனங்களை ஆராய்ந்து, 1887-ல் அவற்றைப்பற்றித் தனிநூலொன்று இயற்றினார். இங்ஙனம் இளமையில் தாம் கொணர முயன்று இழந்த மீனிடமே முதுமையில் திரும்பினார். 1889-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி, தமது அறுபதாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன்பிடித்தலைத் தடுத்து, வலைக்கண்ணின் அளவையும் பதிபொறிகளையும் வரையறுக்க இடந்தந்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல், அவர் மறைந்து எட்டாண்டு கழிந்த பின்னரே, நிறைவேறியது. விதைத்தவர் விளைவைக் காணவில்லை. ஏறும் மீனுக்கு வழிவிட வேண்டும் என்ற அறிவுரையோ இன்னும் முழுமையும் கைக்கொள்ளப்படவில்லை. 1934-ல் மேட்டூர் அணை எழுந்த பின்னர்க் காவிரியில் உல்லம் அருகிப்போயிற்று.

மாணவ நண்பர்காள்! அணையும் வேண்டும், பயிரும் வேண்டும், மீனும் வேண்டும். ஒன்றைப் பெறுங்கால் மற்றொன்றை இழக்கின்றோமா என்று ஆராய்தலே கற்றாரின் கடமை. வருகின்ற கார்த்திகை விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், கலிங்கின் அருகே சற்று நின்று, துள்ளியேறும் மீன்களை நோக்குவாராக. அவற்றுட் சிலவேனும் மேலே சென்று சேர விட்டுவிடுதல், டே என்னும் அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியாகும்.