ராபர்ட் சிசோம்

ராபர்ட் ஃபெலோஸ் சிசோம் (சனவரி 11, 1840 - மே 28, 1915) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு கட்டிடக் கலைஞர் ஆவார். இந்திய, இசுலாமிய, ஐரோப்பியக் கூறுகளை இணைக்கும் இந்தோ-சரசெனிக் கட்டிடக்கலைப் பாணியின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். சென்னையின் பழைய நாடக அரங்கங்களுள் ஒன்றான விக்டோரியா பொது மண்டபம் இவர் வடிவமைத்ததாகும். மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், திருவனந்தபுரத்தின் நேப்பியர் அருங்காட்சியகம் ஆகியவையும் இவருடைய படைப்புகளே.

சென்னை வருகை

இலண்டனில் பிறந்த சிசோம், 1859 ஆம் ஆண்டில் வங்காளப் பொதுப்பணித் துறையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். 1864 ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரிக்கும் செனட் மண்டபத்துக்கும் வரைபடங்கள் கோரிச் சென்னை அரசு ஒரு போட்டியை அறிவித்தது. அதில் சிசோமின் வரைபடங்கள் தேர்வு செய்யப்பட்டன. பணியை மேற்பார்வையிட அவர் 1865 இல் சென்னைக்கு வந்தார். 1867 இல் தொடங்கப்பட்ட கல்லூரிக் கட்டிடம் 1870 இல் திறக்கப்பட்டது. பின்னர் அவர் சென்னை அரசின் ஆலோசகக் கட்டிடக் கலைஞராகவும் பணியாற்றினார்.

பாணியில் மாற்றம்

சிசோமின் தொடக்ககால வரைபடங்கள் இத்தாலியப் பாணியைத் தழுவியவை. அக்காலத்தில் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு (1866 - 1872), அரசுக் கட்டிடங்களில் இந்நாட்டுக் கட்டிட மரபுகளைப் பயன்படுத்துவதை ஊக்குவித்தார். சேப்பாக்கம் அரண்மனையின் இரு பகுதிகளுக்கும் இடையே கோபுரம் ஒன்றை எழுப்பும் பணி சிசோமிடம் வந்தது. ஏற்கனவே உள்ள இசுலாமியப் பாணிக் கட்டிடத்துக்குப் பொருந்துமாறு அவர் அக்கோபுரத்தை அமைத்தார். அதனை அடுத்துக் கட்டப்பட்ட செனட் மண்டபத்தில் (1874 - 1879) பைசாந்தியக் கூறுகளும் சரசெனிக் கூறுகளும் கலந்துள்ளன.

1880 இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தில் கேரள மரபைச் சார்ந்த சரிவான ஓட்டுக் கூரைகளையும் முகப்புகளையும் பயன்படுத்தினார். கடும் மழைக்கு ஏற்ற இக்கூரை வடிவம் அவருடைய பிற்காலப் பணிகளிலும் இடம்பெற்றது. 1884 இல் திறக்கப்பட்ட சென்னைத் தலைமை அஞ்சலகம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

1877 முதல் 1883 வரை சென்னைத் தொழிற்கலைப் பள்ளியின் தலைவராகவும் சிசோம் இருந்தார். இப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி ஆகும். இந்தியாவில் கட்டிடம் எழுப்பும் ஐரோப்பியர், உள்ளூர்க் கைவினைஞரின் முறைகளைக் கற்க வேண்டும் என்பது அவருடைய கருத்தாகும்.

விக்டோரியா பொது மண்டபம்

சென்னை நகருக்குப் பொது மண்டபம் ஒன்று தேவை என 1882 இல் நகரப் பிரமுகர்கள் முடிவு செய்தனர். பீப்பிள்ஸ் பார்க் பகுதியில் நகராட்சி நிலம் குத்தகைக்கு வழங்கப்பட்டது. டிசம்பர் 17, 1883 அன்று விசயநகரம் மகாராசா ஆனந்த கசபதி ராசு அடிக்கல் நாட்டினார். கட்டுமானப் பணியை ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் மேற்கொண்டார். சென்னை உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம் ஆகியவற்றைக் கட்டியவரும் இவரே. 1887 இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா நடைபெற்றதை ஒட்டி, மண்டபத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

மண்டபம் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்ட இரண்டு தளங்களை உடையது. வளைவுகள் வரிசையாக அமைந்த தாழ்வாரங்கள் சுவர்களை நேரடி வெயிலிலிருந்து காக்கின்றன. சதுரக் கோபுரத்தின் உச்சியில் திருவிதாங்கூர் மரபைச் சார்ந்த கூரை அமைந்துள்ளது. கோபுரத்திலுள்ள சுடுமண் அலங்காரப் பட்டை இசுலாமிய எழுத்தணியை நினைவூட்டுவது. உட்புறத்தில் பார்வையாளருக்கென மர மாடம் ஒன்றும் அமைக்கப்பட்டது. சிசோம் இருபது ஆண்டுகளில் பல இடங்களில் கற்றவை இக்கட்டிடத்தில் ஒருங்கே காணப்படுகின்றன.

பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் தொடங்கிய சுகுண விலாச சபை தன் நாடகங்களை இங்கு நடத்தியது. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மேடையேறி நடித்ததால், நாடகத்தைத் தாழ்வாகக் கருதிய நகரக் கற்றோரின் பார்வை மாறத் தொடங்கியது. இம்மாற்றத்தில் இம்மண்டபத்துக்கும் பங்குண்டு. 1897 இல் சுவாமி விவேகானந்தர் இங்கு சொற்பொழிவாற்றினார்.

பரோடாவும் இலண்டனும்

கட்டிடக் கலைஞர் சார்லசு மாண்ட் 1881 இல் இறந்ததால் நின்றுபோகும் நிலையில் இருந்த பரோடா லட்சுமி விலாஸ் அரண்மனைப் பணியைச் சிசோம் ஏற்று, 1890 இல் நிறைவு செய்தார். பரோடா கல்லூரியும் அவருடைய வடிவமைப்பே. பின்னர் இங்கிலாந்து திரும்பிய அவர், இலண்டனின் சுலோன் டெரசு என்னும் இடத்தில் கிறித்தவ தேவாலயம் ஒன்றை வடிவமைத்தார். 1907 இல் முடிக்கப்பட்ட அதில், செனட் மண்டபத்தைப் போலவே பைசாந்தியக் கூறுகள் உள்ளன. சிசோம் 1915 இல் காலமானார். அத்தேவாலயம் 2004 இல் காடோகன் ஹால் என்னும் இசை அரங்கமாகத் திறக்கப்பட்டது.

மதிப்பீடு

இந்தோ-சரசெனிக் பாணி, ஆங்கிலேய ஆட்சிக்கு இந்தியத் தோற்றம் தரும் முயற்சி எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஐரோப்பியத் தரைப்படத்தின் மீது இந்திய அலங்காரங்களைச் சேர்ப்பது மட்டுமே அதில் நிகழ்ந்தது என்ற விமரிசனமும் உண்டு. எனினும், சிசோம் அழகுக்காக மட்டுமின்றி, தட்பவெப்ப நிலையையும் உள்ளூர்ப் பொருட்களையும் கருத்திற்கொண்டே இம்மரபுகளை எடுத்தாண்டார். அவர் மதித்த கைவினைஞரின் நிலை வேறு. விக்டோரியா மண்டப வரலாற்றில் வடிவமைத்தவரின் பெயரும் ஒப்பந்தக்காரரின் பெயரும் நிலைத்தன. செங்கல் அடுக்கியவர்களின் பெயர்களும் சுடுமண் வார்த்தவர்களின் பெயர்களும் அவ்வாறு நிலைக்கவில்லை.

இம்மண்டபம் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பராமரிப்பின்றிப் பழுதடைந்து, நெடுங்காலம் பயன்பாடின்றி இருந்தது. 2020களில் சென்னை மாநகராட்சி இதனைப் பெருமளவில் மறுசீரமைக்கும் பணியை மேற்கொண்டது.