பெரியபட்டினத்தில் கப்பல் ஏறிய இப்னு பதூதா

நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் முதுகில் ஒரு பையோடு தனியாக வெளிநாடு சுற்றி வருகிறார்கள். ஹாஸ்டலில் ஒரு கட்டில், பொதுக் குளியலறை. தூக்கம் கெடுவது பெற்றவர்களுக்குத்தான். கிட்டத்தட்ட 700 வருடங்களுக்கு முன் இப்படிக் கிளம்பிய ஒருவர் நம் ராமநாதபுரம் கடற்கரைக்கும் வந்து போயிருக்கிறார்.

இப்னு பதூதா 1304-ல் மொராக்கோவின் டான்ஜியரில் பிறந்தவர். 1325-ல், 21 வயதில், மெக்கா யாத்திரைக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டார். வழியில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து துனிஸ் நகரத்தை அடைந்தார். மற்றவர்களை வரவேற்க ஆட்கள் வந்தார்கள். இவரை விசாரிக்க ஒருவரும் இல்லை. அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஒரு யாத்ரீகர் பேச்சுக் கொடுத்துத் தேற்றினார். அந்த ஊரில் ஒரு மதரஸாவில் தங்க இடம் கிடைத்தது.

மெக்காவோடு நிற்காமல் 1349 வரை சுற்றினார். பாஸ்புக், ஏடிஎம் எதுவும் இல்லாத காலம். இது எப்படி முடிந்தது? ஊருக்கு ஊர் 'ஸாவியா' என்ற மடங்கள் இருந்தன. வழிப்போக்கருக்குப் படுக்கையும் சாப்பாடும் இலவசம். சேதுபதிகள் ராமேஸ்வரம் பாதையில் கட்டிய சத்திரங்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். துருக்கியில் ஓர் ஊரில் சிலர் அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவிச் சண்டை போட்டார்கள். கொள்ளைக்காரர்கள் என்று பயந்துவிட்டார். விருந்தாளியை யார் அழைத்துப் போவது என்பதுதான் சண்டையாம்! கடைசியில் சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள்.

டெல்லியில் துக்ளக்கிடமும் பிறகு மாலத்தீவிலும் காஜியாக இருந்தார். 1344-ல் இலங்கையிலிருந்து நம் பக்கத்துக் கரைக்கு வந்தபோது அவர் தனி ஆள் இல்லை. பணியாட்களும் பெண்களும் உடன் இருந்தார்கள். கப்பல் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டிச் சாய்த்து, கட்டைகளைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். தன்னோடு வந்தவர்களை அதில் முதலில் அனுப்பிவிட்டு, நீச்சல் சரியாகத் தெரியாத இவர் இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே இருந்தார். விடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் படகில் வந்து காப்பாற்றினார்கள்.

மதுரை சுல்தான் இவருக்குச் சகலை முறை. சோறும் பதவியும் பெண்ணும் கொடுத்த மாலத்தீவின் மேல் படையெடுக்கும்படி அவரிடம் யோசனை சொன்னார். எனக்கு இது பிடிக்கவில்லை. நல்லவேளை, அது நடக்கவில்லை.

அப்போது அவர் தங்கிய துறைமுகத்தைப் 'பட்டன்' என்று எழுதியிருக்கிறார். பெரியபட்டினம்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சீனப் பீங்கான் துண்டுகள் அங்கே நிறையக் கிடைத்திருக்கின்றன. கடலுக்குள் பெரிய மரங்களை நட்டு எழுப்பிய மேடையையும், பழகிய சிங்கத்தோடு திரிந்த ஒரு பக்கீரையும் அங்கே பார்த்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு மானும் இருந்தது. சிங்கம் அதைத் தொடவில்லையாம்.

பின்னர் மதுரைக்குப் போனார். அங்கே கொள்ளைநோய். இரண்டு மூன்று நாளில் உயிர் போனது. சுல்தானும் இறந்தார். இவருக்கும் கடும் காய்ச்சல். நம் ஊர்ப் புளியை ஒரு ராத்தல் அளவு கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய் பிழைத்துக்கொண்டார். (யாரும் முயன்று பார்க்க வேண்டாம்!)

மறுபடி பட்டனுக்கு வந்து கப்பல் ஏறினார். மேற்குக் கடலில் கொள்ளையர்கள் கால்சட்டையைத் தவிர எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் சீனா வரை போனார். 1355-ல் மொராக்கோவில், பெரும்பாலும் நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல, ஓர் எழுத்தர் எழுதி முடித்ததுதான் அவருடைய பயண நூல். அதில்தான் நம் கடற்கரையும் இருக்கிறது.