ஊர்ப்பிணி தீர்த்த பேராசிரியர்

உடற்பிணி தீர்க்கும் மருத்துவர் பலர் உளர்; ஊர்ப்பிணி தீர்ப்பார் மிகச் சிலரே. அச்சிலருள் தஞ்சை மாநகர் நினைவிற் கொள்ளத் தக்கவர் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ் என்னும் பெரியார்.

இவர் 1854-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்துப் பாலட்டர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். லண்டன் மாநகரில் ஹக்ஸ்லி என்பாரிடம் உயிர்நூல் பயின்றார். எனினும் பட்டம் எதனையும் பெற்றாரில்லை. பட்டம் பெறாத இவரே 1888 முதல் 1919 வரை டண்டீ கலாசாலையில் தாவரநூற் பேராசிரியராய் விளங்கினார். (தேர்வுக்கு அஞ்சும் நம்மனோர்க்கு இச்செய்தி இனிக்கும், ஆனால் அவர் கற்றது சிறிதன்று.) 1879-இல் மெக்ஸிகோ நாட்டிற் கண்ணொளி மங்கிச் சின்னாள் இருட்டறையிற் கிடந்தார். நுண்ணோக்கிப் பணி அதன்பின் கண்ணுக்கு ஒவ்வாதாகவே, அவர் கருத்து மக்கள் வாழும் ஊர்களின்பால் மெல்லத் திரும்பிற்று.

எடின்பரோ நகரின் பழம்பகுதி அந்நாளில் அழுக்கும் நெருக்கமும் மலிந்து கிடந்தது. 1886-இல் அன்னா மார்ட்டன் அம்மையாரை மணந்த கெடிஸ், அவரோடு அப்பகுதியிலேயே குடியேறினார். அண்டையாரைக் கூட்டிச் சுவருக்கு வெள்ளையடித்தார், முற்றத்தைத் துப்புரவாக்கினார், செடி வளர்த்தார். கெட்டதை மட்டும் களைந்து ஏனையவற்றைச் செப்பனிடும் அவர்தம் முறை ஆண்டே வேர்கொண்டது.

1914-இல் சென்னைக் கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல்லாண்டு முயன்று சேர்த்த நகரமைப்புப் படங்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னையைச் சுட்ட அதே எம்டன் அக்கப்பலையும் கடலில் ஆழ்த்திற்று! எம்டன் என்னும் பெயர் நம் பேச்சில் நிலைத்தது. கெடிஸின் உழைப்போ நீருள் மறைந்தது. அவர் தளர்ந்தாரில்லை. நண்பர் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியிற் சென்னையிற் கண்காட்சி நடத்தினார்.

அவ்வாண்டில் இம்மாகாணத்து ஊர்கள் பலவற்றைப் பற்றி அறிக்கை வரைந்தார். தஞ்சையும் அவற்றுள் ஒன்று. கோட்டைக்குள் வீடுகள் நெருங்கியிருந்தன. அவற்றை ஊடறுத்து நேர்த்தெருக்கள் அமைப்பதே சுகாதாரம் என்பது அக்காலத்தார் கொள்கை. கெடிஸ் சந்து சந்தாக நடந்தே ஊரை அறியும் இயல்பினர். இருக்கும் சந்துகளே போக்குவரவுக்குப் பெரிதும் போதும் என்று அவர் கண்டார். பாழ்மனைகளையும் இடிந்த வீடுகளையும் அகற்றிச் சிறு வெளிகள் அமைத்து மரம் நட்டால் காற்றும் நிழலும் வரும், வீடிழப்பார் சிலரே, செலவும் சிறிது. நேர்த்தெரு வெட்டினாலோ, வீடிழந்த ஏழைகள் அடுத்த தெருவிற் சென்று மேலும் நெருங்குவர். பிணி இடம் மாறுமேயன்றி நீங்காது. தெரு அழகுபெறும்போது அதன் விலையைக் கொடுப்பவன் யாவன் என்று கேட்ட நகரறிஞர் அந்நாளில் அரியர்.

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் வழக்கத்தையும் அவர் மறுத்தார். மீனையும் வாத்தையும் விட்டாற் கொசுப்புழு அழியும் என்பது அவர் கருத்து. காவிரிநீர் குளந்தோறும் தங்கும் சோழநாட்டார்க்கு இது பெரிதும் ஏற்ற மருந்தன்றோ!

1917-ஆம் ஆண்டு கொடியது. மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் மாண்டான். அம்மையார் அப்போது இந்தியாவில் நோயுற்றுக் கிடந்தார். செய்தியை அவர் அறியாவண்ணம் மறைத்துத் தம் துயரைத் தாமே விழுங்கி அருகிருந்தார் கெடிஸ். சில வாரங்களில் அம்மையாரும் மறைந்தார்.

1919 முதல் 1924 வரை பம்பாய்ச் சர்வகலாசாலையிற் சமூகவியல் கற்பித்தார். பின்னர்ப் பிரான்ஸ் தேசத்து மாண்ட்பெல்லியே நகரிற் கலாசாலை ஒன்றை நிறுவி, அங்கே 1932 ஏப்ரல் 17-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள் 1947-இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. தஞ்சைக் கோட்டையைப் பற்றிய பகுதியும் அந்நூலில் உண்டு.