பிரேக் பெடலுக்குள் இருக்கிறார் பாஸ்கல்



பாஸ்கல் விதியைச் சொல் என்றால் நாம் தூக்கத்தில்கூட ஒப்பித்துவிடுவோம். மூடிய கலத்தில் இருக்கும் திரவத்தின் மீது ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். இரண்டு மார்க் கேள்வி. எழுதினோமா, மார்க் வாங்கினோமா என்று இருந்தவன்தான் நானும். என் கண்ணைத் திறந்து வைத்தது எங்க மாமாவோட பழைய கார்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு மானாவாரி விவசாயம், அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மாமா வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். ஒருநாள் நிறைமாதக்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. மாமா பிரேக்கை மிதித்தார், பெடல் தரை வரைக்கும் போயிருச்சு! கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கேட்டுக்குப் பத்தடி முன்னால் எப்படியோ நிறுத்திவிட்டார். அப்புறம் 108 வந்து அந்தப் பெண்ணைக் கூட்டிப் போனது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் மாமா என்னைக் கேட்டார். காலேஜில் படிக்கிற மருமகன், பெடல் ஏன் உள்ளே போச்சுன்னு சொல்லட்டும் என்றார். நான் விதியை ஒப்பித்தேன். பழுது எங்கே என்று சொல்லத் தெரியல. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரம்தான் லைப்ரரியில் பாஸ்கலின் வாழ்க்கையைத் தேடி எடுத்துப் படித்தேன்.

பிளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று பிரான்ஸ் நாட்டில் கிளெர்மோன் என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். அப்பா எத்தியென் வரித்துறை அதிகாரி. வசதியான குடும்பம்தான், நம்மைப் போல முதல் தலைமுறை இல்லை. ஆனால் பாஸ்கல் பள்ளிக்கூடமே போனதில்லை. அப்பாதான் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் புத்தகங்களை ஒதுக்கி வைத்தார். பையன் விடவில்லை. பன்னிரண்டு வயதில் தானாகவே கோடு போட்டுப் பார்த்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று கண்டுபிடித்ததாக அவருடைய அக்கா எழுதி வைத்திருக்கிறார்.

அப்பாவுக்கு ரூவான் நகரத்தில் வரிக்கணக்கு வேலை. ராத்திரி பகலாகக் கூட்டிக் கழித்து ஓய்ந்துபோகும் அப்பாவைப் பார்த்த மகன், 1642-ல் ஒரு கணக்குப் போடும் மெஷினைச் செய்ய ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? இன்னும் பத்தொன்பது முடியவில்லை. நம்ம வயசுதான்! பல்சக்கரங்களை அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமாக வெட்டித் தர அன்றைய தொழிலாளர்கள் சிரமப்பட்டார்கள். ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று என்று ஐம்பதுக்கும் மேல் மாதிரிகள் செய்து பார்த்தார். விலை அதிகம் என்பதால் மெஷின் அதிகம் விற்கவில்லை. ஆனால் கூட்டலும் கழித்தலும் செய்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப் தப்பானதும் கோபப்பட்டு ஃபைலைத் தூக்கிப் போட்ட எனக்கு இதைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது.

அடுத்து அவர் கையில் எடுத்தது காற்றின் எடை. இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்தபோது, அது ஓரளவு இறங்கி நின்றது. வெளியே இருக்கும் காற்றுதான் அதைத் தாங்கி நிற்கிறது என்றால், மலை உச்சியில் காற்று குறைவு, பாதரசமும் இறங்க வேண்டும் அல்லவா? பாஸ்கல் உடல்நலம் இல்லாதவர். அதனால் அக்கா கணவர் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று 1465 மீட்டர் உயரமுள்ள பூய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்தில் இரண்டு குழாய்களையும் அளந்து, சமமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டார். ஒரு குழாயை அங்கேயே வைத்து, நாள் முழுக்கக் கவனிக்க ஒரு துறவியை நிறுத்தினார். இன்னொன்றை மேலே கொண்டு போனார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது. கீழே இருந்தது அசையவே இல்லை. சும்மா வைத்த அந்தக் குழாய்தான் எனக்குப் பெரிய பாடம். சரியாக இருக்கும் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது மாறியது என்று தெரியும்.

திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1663-ல்தான் அச்சில் வந்தது. ஒரு பாத்திரத்தில் இரண்டு வாய். ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரியது. சின்ன வாயில் பிஸ்டனை ஒரு ஆள் அழுத்தினால், பெரிய வாயில் நூறு ஆள் அழுத்துவதற்கு ஈடு கொடுக்கலாம் என்று அதில் விளக்கினார். ஆனால் பிஸ்டன் ஓரத்தில் திரவம் கசியாமல் இருந்தால்தானே இது நடக்கும்? 1795-ல் இங்கிலாந்தில் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையம்தான் அந்தப் பிரஸ்ஸை வேலை செய்ய வைத்தது. நம் வீல் சிலிண்டரில் இருக்கும் ரப்பர் கப் அதற்குப் பேரன் மாதிரி. 1917-ல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். நம்ம தமிழ்நாட்டில் பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962-ல் தொடங்கியது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மாமா வீட்டுக்குப் போனேன். தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரையும் கூப்பிட்டுக்கொண்டோம். விதியை இப்போது கேள்வியாகத் திருப்பிப் போட்டேன். கொடுத்த அழுத்தம் எங்கே காணாமல் போகுது? ஆயில் டப்பாவைத் திறந்தால் அடிமட்டத்தில் கிடந்தது. அப்படியென்றால் எங்கோ வெளியே கசிகிறது. கரிசல் மண்ணில் ஜாக்கி புதையும் என்பதால் அடியில் பலகை போட்டோம். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்தோம். பின்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக நனைந்திருந்தது, வலது பக்கம் காய்ந்த புழுதி. மலையடிவாரத்துக் குழாய் ஞாபகம் வந்தது! ட்ரம்மைக் கழற்றினால், வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்து, லைனிங் முழுக்க பிரேக் ஆயில். அந்தப் பழைய காரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். சுண்டுவிரல் நகம் அளவு கிழிசல் நாலு பிரேக்கையும் பிடுங்கிவிட்டது. கிட்டை மாற்றி, இரண்டு பின்சக்கரத்துக்கும் புது லைனிங் போட்டு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி வரிசையாக ஏர் எடுத்தோம். பெடல் கல் மாதிரி நின்றது.

மற்றப் பழுதுகளையும் இதே கேள்வியால் பிடிக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். மிதித்துப் பிடிக்கும்போது மெதுவாக இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் கப்பைச் சந்தேகப்படுங்கள். முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டாவதில் மேலே வந்தால் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி அதிகம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்திருந்தால் ஆயில் திரும்பி வரவில்லை, ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கலாம். எஞ்சின் ஆயிலை மட்டும் பிரேக்கில் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். ட்ரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

பாஸ்கலின் கடைசி வருடத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1662 மார்ச்சில் அவரும் நண்பர்களும் சேர்ந்து பாரிஸ் நகரில் குறித்த வழியில், குறித்த நேரத்தில் ஓடும் குதிரை வண்டிகளை விட்டார்கள். காசு கொடுத்தால் ஏறிக்கொள்ளலாம், அதாவது டவுன் பஸ்! ஆனால் சிப்பாய்களும் வேலைக்காரர்களும் கூலியாட்களும் ஏறக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. எங்க அப்பா அன்றைக்கு இருந்திருந்தால் ரோட்டில் நின்று பார்த்திருக்கத்தான் முடியும். தன் பங்கு வருமானத்தை ஏழைகளுக்குக் கொடுக்க நினைத்திருந்தார் பாஸ்கல். அதே வருடம் ஆகஸ்ட் 19 அன்று, 39 வயதில், அக்கா வீட்டில் இறந்துபோனார். 1971-ல் அழுத்தத்தின் அலகுக்கு உலகம் அவர் பெயரை வைத்தது.

அந்த நிறைமாதக்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தது மாமா கார்தான். அன்றைக்கு அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ரயில்வே கேட்டில் கார் அலுங்காமல் நின்றபோது, பின்னால் இருந்த என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அது போதும்.

நண்பர்களே, மார்க்குக்காக எழுதிய விதியை ஒருமுறையாவது ஸ்பேனரோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்