பொதுக் கணிப்பொறிக்கு வழிகண்ட லிக்லைடர்

அரிய கருவிகளை ஆக்கியோர் உலகில் பலர். அக்கருவிகள் சிலர்க்கே உரியவாய் நின்றுவிடாமல் பலர்க்கும் பயன்படுமாறு வழி வகுத்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜோசப் கார்ல் ராப்னெட் லிக்லைடர் என்னும் அமெரிக்க அறிஞர். இன்று மாணாக்கர் கைப்பேசியின் வாயிலாகக் கடிதம் வரைவதும், கணக்குப் பதிவதும், படங்களைச் சேமித்து வைப்பதும் தொலைவிலுள்ள கணிப்பொறிகளின் துணை கொண்டே பெரும்பாலும் நிகழ்கின்றன. இம்முறையை மேகக் கணிமை என்பர். இதற்கு வித்திட்டோருள் முன் வைத்து எண்ணத்தக்க இப்பெரியாரின் சரிதத்தைச் சுருக்கமாக ஈண்டு வரைவாம்.

லிக்லைடர் 1915-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ம் தேதி மிசூரி மாகாணத்துச் செயின்ட் லூயிஸ் நகரில், பெற்றோர்க்கு ஒரே மகவாகப் பிறந்தார். இளமையில் விளையாட்டு விமானங்களைச் செய்வதிலும், பழைய மோட்டார் வண்டிகளைச் செப்பனிடுவதிலும் பெருவிருப்புக் கொண்டிருந்தார். தம் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் பௌதிகம், கணிதம், மனோதத்துவம் ஆகிய மூன்றையும் கற்று 1937-ல் பட்டம் பெற்றார். செவிப்புலனைப் பற்றி ஆராய்ந்து 1942-ல் ராசெஸ்டர் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் எய்தினார். உலகப் போர்க் காலத்தில் ஹார்வார்டு ஆய்வுக்கூடத்தில், விமானத்தின் பேரிரைச்சலிடையே மனிதர் பேச்சு விளங்குவது எங்ஙனம் என்பதை ஆராய்ந்தார். 1950-ல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார். மனத்தை ஆராய வந்தவர் கணிப்பொறியின் பக்கம் திரும்பியது இதற்குப் பின்னரேயாம்.

அதற்குக் காரணமான ஒரு செய்தி மாணாக்கர் அறியத்தக்கது. 1957-ல் அவர் தம் வேலை நேரம் எவ்வாறு கழிகின்றது என்பதைத் தாமே குறித்து வந்தார். சிந்தனைக்கென ஒதுக்கிய காலத்தில் நூற்றுக்கு 85 பங்கு, செய்தி தேடுவதிலும், எண்களைக் கணக்கிடுவதிலும், வரைபடம் தீட்டுவதிலுமே செலவாயிற்று எனக் கண்டு வியந்தார். இவ்வேலைகளைப் பொறியிடம் ஒப்புவித்தால் மனிதன் உண்மையாகவே சிந்திக்கலாம் என்று எண்ணினார். மனிதனும் கணிப்பொறியும் துணைவராய் இயங்குவதைப் பற்றி 1960-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இவ்வெண்ணத்தின் விளைவாகும்.

ஆயின் அக்காலத்துப் பெரிய கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். அதன் விலையோ அளவிறந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகப் பல மணி நேரம் காத்திருத்தல் வழக்கமாயிருந்தது. ஒரே பொறியின் காலத்தைச் சிறு சிறு கூறுகளாக்கி, பலர் ஒருங்கே பயன்படுத்தச் செய்யும் காலப்பகிர்வு முறையைக் கார்பட்டோ என்பார் 1961-ல் செய்து காட்டினார். கணிப்பு வன்மையும் பொதுவசதியாக வழங்கப்படலாகும் என்று அதே ஆண்டில் ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர் எடுத்துரைத்தார்.

இக்கருத்து நம் புதுச்சேரியார்க்குப் புதுமையானதன்று. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொணரப்பட்டதன் நினைவாகவே பாரதி பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம் நிற்கின்றது. வீட்டுக்கு ஒரு கிணறு தோண்ட இயலாதவரும் பொது நீரைப் பருகலாம். கணிப்பொறியையும் அங்ஙனமே பொதுவாக்குதல் கூடுமன்றோ?

1962-ல் அமெரிக்க அரசாங்கத்தின் மேல்நிலை ஆராய்ச்சித் திட்ட நிறுவனத்தில் கணிப்பொறிப் பிரிவின் தலைமையை லிக்லைடர் ஏற்றார். தம் கையிலிருந்த பொருளைக் காலப்பகிர்வு ஆராய்ச்சிக்கு வழங்கினார். 1963-ல் ஆய்வாளர்க்கு எழுதிய குறிப்பொன்றில், வெவ்வேறு இடங்களிலுள்ள கணிப்பொறிகளை ஒரு வலையாகப் பிணைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். அவர் 1964-ல் அப்பதவியை விட்டு நீங்கினார். ஆயினும் அவர் விதைத்தது வீண்போகவில்லை. அவர் பின்னோர் முயற்சியால் 1969-ல் ஆர்ப்பாநெட் என்னும் வலை தோன்றியது. இணையம் அதன் வழிவந்ததே. தாமே புகழடைய முயலாமல், தகுதியுடையாரைத் தேர்ந்து உதவியதே அவரது தனிச்சிறப்பாம்.

இனி, அம்மரத்தின் கனியைக் காண்போம். 2011-ல் அமெரிக்கத் தரநிர்ணயக் கழகம் மேகக் கணிமைச் சேவையை மூவகையாகப் பகுத்தது. இதனை விடுதி உணவு கொண்டு விளக்கலாம். அடுப்பும் இடமும் மட்டும் வாடகைக்குப் பெற்றுப் பிறவற்றையெல்லாம் நாமே கொண்டு சமைத்தல் போன்றது உள்கட்டமைப்புச் சேவை. 2006-ல் அமேசான் நிறுவனம் இத்தகைய சேவையைத் தொடங்கிற்று. பாத்திரம் முதலிய யாவும் ஆயத்தமாயிருக்க, நம் பக்குவத்தில் சமைத்துக்கொள்ளுதல் போன்றது தளச் சேவை. இலையில் அமர்ந்து உண்ணுதல் மட்டுமே நம் வேலையாயின் அது மென்பொருட் சேவை. 1999-ல் தோன்றிய சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனமும், சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனமும் இம்மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டுகள். வழங்கும் முறையோ நான்கு: ஒரு நிறுவனத்திற்கே உரியது தனி மேகம், ஒத்த நோக்குடைய சிலர்க்குரியது குழு மேகம், யாவர்க்கும் திறந்தது பொது மேகம், இவற்றுள் இரண்டு அல்லது பல கலந்தது கலப்பு மேகம்.

சமைப்பவர் பொறுப்பு மிகமிக, உண்பவர் உழைப்புக் குறையும். உரிமையும் உடன் குறையும். நம் கடிதமும் கணக்கும் பிறர் பொறியில் இருக்கும்போது, தொடர்பு அறுந்தால் என் செய்வது, வேறிடம் பெயர்வது எங்ஙனம் என்பவற்றை முன்னரே ஆராய்தல் அறிவுடைமை.

லிக்லைடரும் இதன் இருபுறத்தையும் நோக்கியவரே. 1968-ல் ராபர்ட் டெய்லருடன் எழுதிய கட்டுரையில், இவ்வலையால் சமுதாயம் அடைவது நன்மையோ தீமையோ என்பது, அதில் இணைதல் சிலர்க்கு வாய்த்த சலுகையா, எல்லார்க்கும் உரிய உரிமையா என்பதைப் பொறுத்ததே என்று தெளிவுறுத்தினார். சிலரே அதன் பயனைத் துய்ப்பரேல், அறிவு வளர்ச்சிக்கான வாய்ப்பில் மக்களிடையே உள்ள இடைவெளி பெருகக்கூடும் என அஞ்சினார்.

1985-ல் ஓய்வு பெற்ற அவர், 1990-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ம் தேதி உலக வாழ்வை நீத்தார். மேகக் கணிமை என்னும் பெயர் வழக்கூன்றுமுன்னரே அவர் மறைந்தார். ஆயினும் அவர் விடுத்த வினா மறையவில்லை. கணிப்பொறி கற்கும் மாணாக்கரே! பொருளற்ற மாணவனும், கடற்கரைச் சிற்றூரில் வாழ்பவனும் அப்பொது நீரைப் பருகுமாறு செய்வது உங்கள் கடமையாகும். அக்கடமையைச் செய்வீரேல், அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாம்.