எழுபது வயதுக்குமேல் தூரிகை பிடித்த மோசஸ் பாட்டி



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கன்னு கேட்டப்போ, எனக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. கடன் வாங்கி, தொழில் செய்து, முன்னுக்கு வந்த கதைகளைச் சகோதரிகள் பலர் எழுதுவாங்க. நான் எழுதப் போறது, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன ஓர் அமெரிக்க விவசாயக் குடும்பத்துப் பாட்டியின் வாழ்க்கையை.

ஏன் அந்தப் பாட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் தையல் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவள் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. மெஷினைப் பழைய சேலையால் மூடி வைத்துவிட்டேன். குழுக் கூட்டத்துக்கு வருவேன், சேமிப்பைக் கட்டுவேன், யாரோடும் பேசாமல் எழுந்து போய்விடுவேன். இனிமே நமக்கு என்ன இருக்கு என்ற நினைப்புதான் ராத்திரி பகலா ஓடிக்கிட்டு இருந்தது. அந்தச் சமயத்தில் என் பேத்தி பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டு வந்தாள். அதில் ஒரு கிழவி, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார். விரல்களைப் பார்த்தேன். என் விரல்கள் மாதிரியே முடிச்சு முடிச்சாக இருந்தன. அதற்கப்புறம் அவரைப் பற்றித் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன்.

அவர் பெயர் ஆன்னா மேரி ராபர்ட்சன். 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 7 அன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிரீன்விச் என்ற ஊரில் பிறந்தார். நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைக்காதீங்க. இது அந்த மாநிலத்தின் வடக்கே, மலையும் வயலும் பனியும் நிறைந்த கிராமப்புறம். அப்பா விவசாயி. வீட்டில் பத்துப் பிள்ளைகள். அப்பாவுக்குப் படம் வரைவதில் ஆசை. பிள்ளைகளுக்கு மலிவு விலைக் காகிதம் வாங்கித் தருவார். வர்ணம் வாங்கக் காசு இருக்காது. திராட்சைச் சாற்றைத் தொட்டு அந்தச் சிறுமி படத்துக்கு நிறம் கொடுப்பாள்.

அந்த விளையாட்டும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 12 வயதில் ஆன்னா வேறொரு வீட்டுக்கு வேலைக்காரியாகப் போனாள். சமையல், துணி துவைப்பது, பெருக்குவது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என்று 15 வருஷம் பல வீடுகளில் உழைத்தாள். படிப்பு கொஞ்சம்தான். வேலை செய்த ஒரு வீட்டில் சுவரில் மாட்டியிருந்த படங்களை அவள் ஆசையாகப் பார்ப்பதைக் கவனித்து, வீட்டுக்காரர்கள் வர்ணக்குச்சிகள் வாங்கிக் கொடுத்தார்களாம். அந்த 15 வருஷத்தில் அவளுக்கென்று கிடைத்த சின்ன சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

1887-இல், 27 வயதில், தாமஸ் சால்மன் மோசஸ் என்பவரைக் கல்யாணம் செய்தார். அவரும் பண்ணைக் கூலியாள்தான். புதுமணத் தம்பதி பிழைப்புத் தேடித் தெற்கே ரயிலேறி, வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டாண்டன் என்ற ஊர்ப் பக்கம் தங்கிவிட்டார்கள். வாடகைக்குப் பண்ணை பிடித்து உழைத்தார்கள். புருஷன் எவ்வளவு உழைக்கிறாரோ, அந்த அளவுக்குத் தானும் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்பது ஆன்னாவின் கொள்கை. பசு வளர்த்து வெண்ணெய் கடைந்து விற்றார். உருளைக்கிழங்கு வறுவல் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தார். நம்ம குழுக்களில் இன்றைக்கு நாம செய்யற தொழிலைத்தான், 130 வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மா தனியாளாகச் செய்திருக்கிறார்.

பத்துப் பிள்ளைகள் பெற்றார். அதில் ஐந்து பிள்ளைகள் கைக்குழந்தையாகவே போய்ச் சேர்ந்தன. இதை எழுதும்போதே எனக்குக் கை நின்றுவிடுகிறது. ஐந்து குழந்தைகளை அந்த மண்ணில் புதைத்துவிட்டு, 1905-இல் மீதி ஐந்து பிள்ளைகளோடு தங்கள் பக்கத்து ஊருக்கே திரும்பினார்கள். ஈகிள் பிரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு பண்ணை வாங்கினார்கள். மறுபடியும் மாடு, பால், வயல், சமையல், பிள்ளைகள்.

இந்த வருஷங்களில் ஆன்னா படம் வரைந்தாரா என்றால், கிட்டத்தட்ட இல்லை. 1918-இல் ஒரு நாள் வீட்டுச் சுவருக்குக் காகிதம் ஒட்டும்போது, கணப்பு அடுப்பை மூடும் பலகைக்குக் காகிதம் போதவில்லை. மிச்சமிருந்த வெற்றிடத்தில் ஒரு காட்சியை வரைந்துவிட்டார். வேலையோடு வேலையாகச் செய்த படம். ஆனால் வரையாத அந்த வருஷங்களிலும் அவர் கண் சும்மா இருக்கவில்லை. துணி உலர்த்தும்போது மலையைப் பார்த்தார். பால் கறக்கப் போகும்போது வானத்தைப் பார்த்தார். மேப்பிள் என்ற மரத்திலிருந்து சாறு இறக்கி, காய்ச்சிச் சர்க்கரை செய்வது அந்த ஊர் வழக்கம். நம்ம ஊரில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி செய்கிற மாதிரி. ஊரே கூடி அதைச் செய்கிற காட்சி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற காட்சி எல்லாம் அவர் மனசில் சேமிப்பாக விழுந்துகொண்டே இருந்தன. அது சேமிப்புதான் என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

1927-இல் கணவர் இறந்தார். பண்ணையை மகன் பார்த்துக்கொண்டார். மகள் ஒருத்திக்குக் காசநோய். அவளைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில், கம்பளி நூலால் படம் மாதிரி பூவேலை செய்யக் கற்றார். அந்த மகளும் இறந்துபோனாள். பாட்டி ஊசியை விடவில்லை. வயலையும் வீட்டையும் மரத்தையும் நூலாலேயே தைத்தார். அப்புறம்தான் கையில் மூட்டுவலி வந்தது. ஊசி பிடிக்க முடியவில்லை.

இந்த இடத்துக்கு வந்ததும் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் கதை நின்ற இடம் இதுதானே.

பாட்டியின் கதை இங்கே நிற்கவில்லை. ஊசியை விடத் தூரிகை பிடிப்பது சுலபம், வரைந்து பாரேன் என்று அவருடைய தங்கை சொன்னார். பாட்டி வரைய ஆரம்பித்தார். வயது எழுபதைத் தாண்டி இருந்தது. வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றிக்கொள்வார். சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது. கிடைத்த அட்டைப் பலகையில் முதலில் வெள்ளை வர்ணம் பூசுவார். பிறகு மேலிருந்து கீழே வருவார். முதலில் வானம், அடுத்து மலை, அடுத்து மரமும் வீடும் நிலமும், கடைசியில் மனிதர்களும் மாடுகளும். பனி வெயிலில் மினுமினுக்குமே, அதற்காக மினுக்குத் தூளைத் தூவுவார்.

படங்களை என்ன செய்தார் தெரியுமா? சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். ஊர்ச் சந்தைக் கண்காட்சிக்குத் தன் ஜாமோடு சேர்த்துப் படத்தையும் அனுப்பினார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது. படத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை! ஹூசிக் ஃபால்ஸ் என்ற பக்கத்து ஊரில் ஒரு மருந்துக் கடை. பெண்கள் வீட்டில் செய்த பொருட்களை அங்கே வைத்து விற்றார்கள். பாட்டியின் படங்களையும் அங்கே வைத்தார்கள். தூசி படிந்து கிடந்தன.

1938-இல் லூயிஸ் கால்டர் என்ற பொறியாளர் அந்த வழியாக வந்தார். படம் சேகரிப்பதில் ஆர்வமுள்ளவர். கடைக் கண்ணாடிக்குள் இருந்த படங்களைப் பார்த்து, அத்தனையையும் வாங்கிவிட்டார். சின்னப் படம் 3 டாலர், பெரியது 5 டாலர். அப்புறம் பாட்டியின் வீட்டையே தேடிப் போனார். பாட்டி வீட்டில் இல்லை. மருமகள், மாமியார்கிட்ட இன்னும் பத்துப் படம் இருக்கு, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாட்டி வந்து தேடினால் ஒன்பதுதான் இருந்தது! கொஞ்சமும் யோசிக்காமல், ஒரு பெரிய படத்தை இரண்டாக வெட்டி, தனித்தனியாகச் சட்டம் போட்டுப் பத்தாக்கிவிட்டார். ஆர்டர் கொடுத்த அளவுக்குச் சரக்கு குறைந்தால் நம்ம சகோதரிகள் எப்படிச் சமாளிப்பாங்களோ, அப்படி.

கால்டர் அந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் நகரத்தில் ஒவ்வொரு கூடமாக ஏறி இறங்கினார். இந்த வயதானவருக்காகச் செலவு செய்து லாபம் இல்லை என்று பலர் நினைத்தார்கள். 1939-இல் நவீன கலை அருங்காட்சியகத்தின் ஒரு கண்காட்சியில் மூன்று படங்கள் இடம்பெற்றன. 1940 அக்டோபரில் ஆட்டோ காலிர் என்பவர் தன் கூடத்தில் பாட்டியின் படங்களை மட்டும் வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தினார். அடுத்த மாதம் நகரத்தின் ஒரு பெரிய கடையில் படங்களைக் காட்டினார்கள். பாட்டியே நேரில் வந்தார், தான் செய்த ரொட்டியையும் ஜாமையும் கையோடு எடுத்துக்கொண்டு! மோசஸ் பாட்டி என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அவர் படம் போட்ட வாழ்த்து அட்டைகள் லட்சக்கணக்கில் விற்றன. 1949-இல் ஜனாதிபதி ட்ரூமன் கையால் விருது வாங்கினார். 100 வயது நிறைந்த பிறகும் 25 படங்கள் வரைந்தார். 1961 டிசம்பர் 13 அன்று, 101 வயதில், கண் மூடினார். மொத்தம் 1,500 படங்களுக்கு மேல் வரைந்திருக்கிறார்.

சகோதரிகளே, இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஒரு ஏக்கம்தான் வந்தது. நம்ம ஊர் மருந்துக் கடைக்கு எந்த கால்டர் வரப் போகிறார்? உண்மையைச் சொன்னால் வரமாட்டார். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அப்படி ஒருவர் வருவதில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க. கால்டர் வருவதற்கு முன்பும் பாட்டி வரைந்துகொண்டுதான் இருந்தார். பரிசு கிடைக்காத போதும், தூசி படிந்த போதும் வரைந்தார். ஐந்து குழந்தைகளையும், கணவரையும், வளர்ந்த மகளையும் பறிகொடுத்த ஒரு மனுஷி, காலையில் எழுந்து ஒரு வெள்ளைப் பலகையில் முதலில் வானத்தை வரைகிறார் என்றால், அந்தத் தெம்பு விற்பனையிலிருந்து வந்திருக்க முடியாது. தினமும் கண்ணால் பார்த்த மலையும் மரமும் பனியும்தான் அதைக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பங்கு நமக்கும் உண்டு. அதற்கு யாரும் வந்து வாங்க வேண்டியதில்லை.

பாட்டி பெரிய தத்துவம் எதுவும் பேசியவர் இல்லை. படம் வரையாமல் இருந்திருந்தால் கோழி வளர்த்திருப்பேன் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். கையில் வேலை இருக்க வேண்டும், அது எந்த வேலை என்பது அடுத்த விஷயம் என்பதுதான் அவர் எண்ணம். நான் கேட்ட அறிவுரைகளில் இதுதான் எனக்குப் பிடித்தது. ஏன்னா இதைக் கடைப்பிடிக்கத் திறமை வேண்டாம், காசு வேண்டாம்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீங்க. நான் படம் எதுவும் வரையவில்லை. மெஷின் மேல் போட்டிருந்த சேலையை எடுத்துவிட்டேன். என்னால் தைக்க முடியாவிட்டாலும், துணி வெட்டும் அளவையும் மாதிரியையும் சொல்லிக்கொடுக்க வாய் இருக்கிறதே. இப்போ குழுவில் இரண்டு பெண்கள் என்கிட்ட பழகுறாங்க. இன்னொன்றும் நடக்கிறது. எங்க குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்த பிறகு, அந்த வாரம் கண்ணில் பட்ட நல்லது ஒன்றை ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லாரும் சிரிச்சாங்க. இப்போ அதுக்காகவே சீக்கிரம் வர்றாங்க. வேப்பமரத்தில் பூ வைத்ததை ஒருத்தி சொன்னாள். வாய்க்காலில் தண்ணீர் வந்த முதல் நாளை ஒருத்தி சொன்னாள். போன மாசம் மகனைப் பறிகொடுத்த ஒரு சகோதரி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி முதன்முதலாக எழுந்து நின்றதைச் சொன்னாள். அன்றைக்கு யாருக்கும் எழுந்து போக மனசு வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் உங்க குழுவிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எங்களுக்கும் சொல்லி அனுப்புங்க.

உங்கள் சகோதரி,
ஒரு குழு உறுப்பினர்