முத்துலட்சுமி ரெட்டி: அடையாறு மருத்துவமனையும் நோயாளர் கணக்கும்

சிட்னி நகரின் மேற்கே, இந்தியர்கள் செறிந்து வாழும் ஹரிஸ் பார்க் பகுதியில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டால், அத்தகவல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பதிவேட்டுக்குச் சட்டப்படி சென்று சேர்கிறது. அம்மாநிலத்தில் 1972 முதல் இந்நடைமுறை உள்ளது. தமிழகத்திலோ அத்தகைய கணக்கெடுப்புக்கான அடித்தளம், தங்கையைப் பறிகொடுத்த ஒரு பெண் மருத்துவர் நிறுவிய மருத்துவமனையில் அமைந்தது.

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாண சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவராகவும் அவர் அறியப்பட்டார். அவரது பொதுவாழ்வின் மற்றொரு பக்கம் 1923இல் தங்கை புற்றுநோயால் இறந்ததிலிருந்து தொடங்கியது.

புற்றுநோய் வந்தால் மரணம் நிச்சயம் என்ற எண்ணம் அப்போது மருத்துவ வட்டாரங்களிலும் வேரூன்றியிருந்தது. குணமாகாத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற கேள்வியை எதிர்கொண்டபடியே அவர் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அவரது மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் இணைந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

எனினும், நோய் குணமாகும் என்று சொன்னால் மட்டும் போதாது. அதற்குச் சான்று வேண்டும். சிகிச்சை பெற்றுச் சென்றவர் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியாமல் எந்தச் சிகிச்சையின் பலனையும் மதிப்பிட இயலாது. திரும்பி வராதவர்களில் இறந்தோர் பலர் இருக்கக்கூடும். அவர்களை உயிரோடு இருப்பவர்களாகக் கருதினால், கிடைக்கும் வெற்றி விகிதம் உண்மையைவிட உயர்ந்து காணப்படும்.

முத்துலட்சுமி 1968இல், தமது 81ஆவது வயதில் காலமானார். அவர் நிறுவிய மருத்துவமனையில் 1981இல் சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. இறப்புச் சான்றிதழ்களில் மரணத்தின் காரணம் பல வேளைகளில் முழுமையாக இடம்பெறாததால், அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. ஆகவே பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனைகளின் ஆவணங்களைத் தேடிச் சென்று திரட்டினர். நோயாளர் நிலையறியக் கடிதங்கள் அனுப்பினர். வீடுகளுக்கும் நேரில் சென்றனர். முகவரி மாறியவர்களையும், வெளியூர் சென்றவர்களையும் கண்டறிவதே இப்பணியின் கடினமான பகுதி.

அவ்வாறு திரட்டப்பட்ட தரவுகள், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட, வளரும் நாடுகளில் நோயாளர் உயிர்வாழ்வு பற்றிய ஒப்பாய்வுகளில் இடம்பெற்றன.

முத்துலட்சுமி பதிவேடு எதையும் தொகுத்தவர் அல்லர். ஆனால் ஏழை நோயாளியும் பிழைக்கக்கூடும் என்ற அவரது நம்பிக்கை சரியா என்பதைச் சோதித்துப் பார்க்கும் வழியை அவரது நிறுவனமே ஏற்படுத்திக்கொண்டது. பிழைத்தவர்களுடன், பிழைக்காதவர்களையும் விடாமல் எண்ணிய கணக்கே அந்த வழி.